மூட்டுவலியும் புது மருந்தும்

காலையில் விரல் மடங்கலேன்னா "திரிங்காப் குளிரு" என்று தைலம் தேய்க்கிறோம். இறுக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்து, இரு கை மூட்டும் வீங்கினால் முடக்குவாதமாக இருக்கலாம். தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போங்க. உடம்பின் காவல் படையே சொந்த மூட்டைத் தாக்கும் நோய் இது. இன்றைய மருந்துகள் அந்தப் படையை அடக்குகின்றன. அதனால் மற்ற நோய்கள் எளிதில் தொற்றும்.

படையை அடக்குவதைவிடப் பழக்குவதே மேல் என்பேன். அமெரிக்காவில் ஸ்டீபன் மில்லர் குழு, கோதுமைப் புரதத்தைக் கண்ணுக்குத் தெரியாத நுண்துகளில் அடைத்தது. ரத்தத்தில் ஏற்றினால் மண்ணீரலும் கல்லீரலும் அதை "நம்ம ஆளு" என்று படைக்கு அறிமுகப்படுத்தும். கோதுமை ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயாளிகளிடம் படையின் சீற்றம் குறைந்ததாக 2019இல் அறிவித்தார்கள். முடக்குவாதத்துக்கு இது இன்னும் வரவில்லை. அதை நம்பிக் கைமருந்தை நிறுத்தாதீங்க. மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரத்தில் ஒரே நாள்தான். தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.