லயத்துப் பிள்ளையிடம் முகவரி கேட்கும் சோதனை

பரீட்சை மோசடி என்றதும் நினைவுக்கு வருவது வினாத்தாள் கசிவுதான். 2024 ஜனவரியில் உயர்தர விவசாய விஞ்ஞான வினாத்தாள் வெளியாகி, அந்தத் தாளுக்கு மறுபரீட்சை நடந்தது. அதே ஆண்டு செப்டெம்பரில் புலமைப்பரிசில் பரீட்சையின் மூன்று வினாக்கள் முன்கூட்டியே வெளிவந்த விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. மலையகத்தை அரிக்கும் மோசடிக்கு இந்த ஆரவாரம் கிடையாது. வெளிமாவட்ட மாணவர் ஒருவர் நுவரெலியா மாவட்டப் பாடசாலையொன்றில் பெயரைப் பதிந்துவிட்டு, டியூஷனெல்லாம் சொந்த ஊரில் முடித்து, பரீட்சைக்கு மட்டும் மலையேறி வருகிறார். விடைத்தாளில் இருப்பது முழுக்க அவருடைய அறிவு. பொய்யாக இருப்பது மாவட்டம் மட்டுமே.

அந்த ஒரு பொய்க்கு விலை அதிகம். கலைத்துறை நீங்கலாக, பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கும், 55 வீதம் மாவட்டச் சனத்தொகைக்கும், 5 வீதம் வரை பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகிறது. நுவரெலியா அந்தப் பதினாறில் ஒன்று. கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ மருத்துவத்துக்குப் போதாத இசட் புள்ளி இங்கே போதுமானதாகிவிடுகிறது. கடைசி மூன்றாண்டு எந்த மாவட்டத்துப் பாடசாலையில் படித்தார் என்பதே முக்கிய அளவுகோல் என்பதால், வரவு இடாப்பில் ஒரு பெயர் இருந்தால் காரியம் முடிந்துவிடும். மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளில் மாவட்டத்துக்குக் கிடைக்கும் இடங்களே சில. ஒரு சிலர்தானே வருகிறார்கள் என்று இதைத் தள்ளிவிட முடியாதது அதனால்தான்.

தடுக்க வேண்டும் என்றதும் எழும் முதல் யோசனை, கிராம உத்தியோகத்தர் சான்றிதழும் வாக்காளர் இடாப்பும் கேட்பது. இது தலைகீழான சோதனை. வசதியுள்ள குடும்பம் ஹட்டனில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து ஒரு மாதத்துக்குள் காகிதங்களைச் சேர்த்துவிடும். நான்கு தலைமுறையாகத் தோட்டத்தில் வாழும் பிள்ளைக்கோ, லயத்து அறைக்குத் தனி முகவரி இல்லை; கடிதமே தோட்ட அலுவலகம் சுற்றித்தான் வருகிறது. காகிதத்தை மட்டும் பார்க்கும் வலையில் சிக்குவது உள்ளூர்ப் பிள்ளையாகத்தான் இருக்கும்.

காகிதத்தைக் கேட்காமல் பதிவுகளைப் பார்க்கும் வழியும் உண்டு. அமெரிக்காவின் சிகாகோ பாடசாலைகளில் ஆசிரியர்களே மாணவரின் விடைகளைத் திருத்திய மோசடியை ஆராய்ந்த பிரையன் ஜேக்கப்பும் ஸ்டீவன் லெவிட்டும் பதிவுகளில் உள்ள கோலத்தைத் தேடினார்கள்: திடீரென ஏறி மறு வருடம் சரியும் மதிப்பெண்கள், ஒரே வகுப்பில் வரிசையாக ஒத்துப்போகும் விடைகள். ஆனால் எண்களை வைத்தே தீர்ப்புச் சொல்லிவிடவில்லை. 2002இல் சந்தேகத்துக்குரிய வகுப்புகளோடு சந்தேகமே இல்லாத வகுப்புகளுக்கும் கண்காணிப்பில் மறுபரீட்சை வைத்து ஒப்பிட்டார்கள். நமக்கு வேண்டியதும் இந்த நிதானம்தான். யார் எந்த மாவட்டத்தில் சாதாரண தரம் எழுதினார், எங்கே உயர்தரம் எழுதுகிறார் என்பது பரீட்சைத் திணைக்களத்தின் கையிலேயே இருக்கிறது. வசதி கூடிய மாவட்டத்திலிருந்து வசதி குறைந்த இடத்துக்கு, அதுவும் விஞ்ஞான, கணிதப் பிரிவுகளுக்கு, ஒரே பாடசாலையை நோக்கிப் பலர் வந்தால் அங்கே போய்ப் பார்க்கலாம். தவணைப் பரீட்சை விடைத்தாள்களைக் கேட்கலாம். வரவு இடாப்பைப் பாடசாலையே நிரப்பிவிடும் என்பார்கள். உண்மைதான். ஆனால் இரண்டு வருட விடைத்தாள்களை ஒரே இரவில் உருவாக்குவது அவ்வளவு எளிதல்ல.

விரும்பிய இடத்தில் படிப்பது குடிமகனின் உரிமை அல்லவா என்று கேட்கலாம். உரிமைதான், வந்து படிப்பவரை யாரும் தடுக்கவில்லை, படிக்காமல் பதிபவரைத்தான் கேட்கிறோம். இதைவிட வலுவான ஆட்சேபணை வேறு. பெற்றோர் கொழும்பில் கடை வேலை பார்ப்பதால் அங்கே சாதாரண தரம் எழுதிவிட்டு, பாட்டியிடம் திரும்பி வரும் மஸ்கெலியாப் பிள்ளையும் இதே கோலத்தில்தான் தெரியும். அந்தப் பிள்ளையைக் காப்பாற்ற வேண்டுமென்றால், கணக்கு சுட்டிக்காட்டுவதைச் சந்தேகமாக மட்டுமே வைத்துக்கொண்டு, நிரூபிக்கும் பொறுப்பை அதிகாரிகள் ஏற்க வேண்டும். மாவட்டக் கோட்டா நகரத்துப் பிள்ளைக்கும் தோட்டத்துப் பிள்ளைக்கும் இடையே வேறுபாடு பார்ப்பதில்லை என்ற பழைய குறையை இந்தச் சோதனை தீர்க்காது. அது தனி வழக்கு.

சோதனை நடக்கும் காலமும் முக்கியம். பன்னிரண்டாம் தரத்தின் முதல் தவணையிலேயே வலயக் கல்வி அலுவலகம் பதிவுகளை ஒப்பிட்டுவிட்டால், தவறாகச் சந்தேகிக்கப்பட்டவருக்கு விளக்கம் சொல்ல இரண்டு வருடம் இருக்கும். முடிவுகள் வெளிவந்தபின் பிடித்தால் பல்கலைக்கழகத்தில் ஓர் இடம் காலியாகலாம். அதற்கு அடுத்த வரிசையில் இருந்த பிள்ளை அதற்குள் கொழும்பில் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்திருக்கும்.