கத்தியைப் பழிக்கும் வாய்கள்

கோழிக்கறி தின்கிறவர்களுக்குக் கோழி அறுக்கிறவனைப் பழிக்கும் உரிமை கிடையாது. இவ்வளவு நேரான ஒன்றை எழுதிச் சொல்லவேண்டிய நிலை ஏன் வந்தது? சில ஆண்டுகளாக நம்மவர்களிடம் ஒரே கேள்வியைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டேன். "இன்னுமா வீட்டுல வச்சு அறுக்கிறீங்க? பாவமா இல்ல?" கேட்கிறவர் சைவராக இருந்தால் கைகூப்பிவிட்டு நகர்ந்துவிடுவேன். பெரும்பாலும் அவர் கையில் பொரித்த தொடை ஒன்று இருக்கிறது.

பேராக்கில், பழைய ரப்பர் தோட்டம் ஒன்றின் ஓரத்தில், வீட்டுத் தேவைக்கும் சொந்தபந்தங்களுக்கும் போதுமான அளவு கோழி வளர்க்கிறேன். விற்பது இல்லை. வளர்த்த கையாலேயே அறுக்கிறேன். ஆகவே இந்தப் பழி என்மேல் நேராக விழுகிறது, பதில் சொல்லும் கடமையும் எனக்கு உண்டு.

முதலில், அந்த வேலை என்ன என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். முதல் நாள் இரவே தீனியை எடுத்துவிட வேண்டும், தண்ணீர் மட்டும் இருக்கலாம். குடல் காலியாக இருந்தால்தான் கறி அசுத்தமாகாது. விடியுமுன், கோழி இன்னும் இருட்டில் அடங்கியிருக்கும்போதே பிடிக்க வேண்டும். துரத்திப் பிடித்தால் அது மிரளும், மிரண்ட கோழியின் கறியும் நன்றாக இருக்காது. வாயையும் அடியையும் வெட்டிய பெரிய நெகிழிப் புட்டி ஒன்றைத் தூணில் கட்டி வைத்திருக்கிறேன். கோழியைத் தலைகீழாக அதற்குள் இறக்கினால் சிறகு ஒடுங்கி அமைதியாகிவிடும். கத்தி சவரக்கத்தி மாதிரி இருக்க வேண்டும். தாடைக்குக் கீழே இரண்டு பக்கத்து இரத்தக் குழாய்களும் ஒரே வீச்சில் அறுபட வேண்டும். அதன் பிறகு வரும் துடிப்பு முழுக்க அடங்கும்வரை நின்று பார்க்க வேண்டும். துடிப்பு அடங்காத கோழியைச் சுடுதண்ணீரில் போடுகிறவனை நான் மனிதனாகவே மதிப்பதில்லை.

தண்ணீர் அறுபது, அறுபத்தைந்து டிகிரி இருந்தால் போதும். கொதித்தால் தோல் வெந்து இறகோடு பிய்ந்து வரும். சிறகில் உள்ள பெரிய இறகு இழுத்தவுடன் வந்தால் முக்கியது போதும் என்று அர்த்தம். பிடுங்கியபின் தீயில் வாட்டி, மஞ்சள் பூசிக் கழுவ வேண்டும். கழுத்தடியில் தீனிப்பையைப் பிரித்துவிட்டு, ஆசனவாயைச் சுற்றிக் குடல் கிழியாமல் வெட்டி, உள்ளதை எல்லாம் ஒரே பிடியாக வெளியே எடுக்க வேண்டும். ஈரலோடு ஒட்டியிருக்கும் பச்சைநிறப் பித்தப்பை உடைந்தால் அன்றைய கறி கசப்புதான். கடைசியாக ஐஸ் தண்ணீர், அப்புறம் ஓர் இரவு குளிர்பெட்டி. அறுத்த உடனே சமைத்தால் கறி விறைப்பாக இருக்கும்.

இதில் எந்த இடத்தில் காட்டுமிராண்டித்தனம் இருக்கிறது? ஒவ்வொரு படியும் அந்த உயிர் குறைவாகத் துன்பப்படவும், தின்பவனுக்கு நோய் வராமல் இருக்கவும் பல தலைமுறை கண்டுபிடித்தது. இதற்குப் பெயர் கைத்தொழில்.

இப்போது உங்கள் கோழிக்கு வருவோம். பேரங்காடியில் நெகிழி போர்த்திய தட்டில் படுத்திருக்கும் அது, கோப், ரோஸ் என்ற பெயர்களில் உலகம் முழுக்க விற்கப்படும் கலப்பினங்களில் ஒன்றாக இருக்கலாம். முப்பத்தைந்து நாளில் இரண்டு கிலோவைத் தாண்டும்படி உருவாக்கப்பட்ட பறவை. நெஞ்சு வளரும் வேகத்துக்குக் கால் ஈடுகொடுக்காமல் நொண்டுவதும், இதயம் நின்று விழுவதும் அந்த இனங்களுக்குப் பழகிப்போனவை. கொட்டகையில் ஆயிரக்கணக்கில் வளர்ந்து, கூடைகளில் திணிக்கப்பட்டு லாரி ஏறி, ஆலையில் உயிரோடு கால் கொக்கியில் மாட்டப்பட்டுத் தலைகீழாக ஓடும் வரிசையில் போய்ச் சேர்கிறது. அந்த வரிசையில் நிற்கும் தொழிலாளி, பெரும்பாலும் நம் நாட்டுக்காரர்கூட இல்லை, ஒரு நாளில் அறுக்கும் எண்ணிக்கையை நான் ஆயுள் முழுக்க அறுக்க மாட்டேன். உங்கள் 'பாவம்' எங்கே போனது என்று தெரிகிறதா? மாதச் சம்பளத்துக்கு அவர் தலையில் இறக்கிவிட்டீர்கள்.

இதை நான் புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. புலால் மறுத்தல் என்று ஓர் அதிகாரமே எழுதிய வள்ளுவர், அதில் விற்பவனைவிட வாங்குகிறவனைத்தான் கூர்ந்து பார்க்கிறார். தின்பதற்காகக் கொல்லும் உலகம் இல்லையென்றால் விலைக்கு ஊன் தருகிறவனும் இருக்க மாட்டான் என்பதே அவர் வாதம். அவர் வழியிலும் வள்ளலார் வழியிலும் நின்று கறியை விட்டவர்களோடு எனக்கு வழக்கு இல்லை. அவர்கள் என்னைக் குற்றவாளி என்றால் தலைகுனிந்து கேட்டுக்கொள்வேன். வாதத்தின் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதிப் பாதியைப் பிரியாணியில் போட்டுத் தின்கிறவர்களோடுதான் என் சண்டை.

இந்த அருவருப்பு நமக்கு எப்போது வந்தது? லயத்து வீடுகளின் பின்னால் கோழிக்கூடு இல்லாத தோட்டம் இருந்ததா? விருந்தாளி வந்தால் கூட்டைத் திறப்பார்கள். பிள்ளைகள் பிடித்துக் கொடுக்கும், தாத்தாவோ பாட்டியோ அறுப்பார்கள், ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து இறகு பிடுங்குவார்கள். யாரும் அதில் பெருமையும் கொள்ளவில்லை, கூச்சமும் படவில்லை. பிறகு தோட்டங்கள் கைமாறின, துண்டாடப்பட்டன. சனம் அடுக்குமாடிகளுக்கும் மலிவு விலைத் தாமான்களுக்கும் விரட்டப்பட்டது. மூன்றாவது மாடியில் எங்கே கூடு கட்டுவது? அறுக்கிற இடம் போனது, வளர்க்கிற மண் போனது, அடுத்த தலைமுறையில் கைப்பழக்கமும் போனது. நிலம் பறிபோனதால் கைவிட்ட ஒன்றை, நாகரிகம் வந்ததால் கைவிட்டதாக நாம் இன்று சொல்லிக்கொள்கிறோம். இழப்பைப் போய் மேன்மை என்று எண்ணுவது போன்ற பரிதாபம் வேறில்லை.

கோயிலிலும் இதே கதைதான். தோட்டத்து முனியாண்டிக்குச் சேவல் கொடுத்தவர்கள் நாம். அவர் இப்போது பல இடங்களில் கோபுரத்துக்குள் போய், ஆகம முறைப்படி குடமுழுக்குக் கண்டு, சைவராகிவிட்டார். பலியை நிறுத்துவது ஒரு சமூகத்தின் முடிவு, அதில் நான் தலையிடவில்லை. ஆனால் நிறுத்தியவர்கள், நிறுத்தாத சின்னக் கோயில்காரர்களை 'படிக்காத சனம்' என்று ஏசுகிறார்கள். ஏசிவிட்டு, திருவிழா முடிந்த மறுநாள் வீட்டில் என்ன சமைக்கிறார்கள்? சாமிக்கு முன் அறுத்த சேவல் ஒன்று என்றால், அது யார் கண்ணுக்கும் மறையாமல் அறுபட்டது. அந்த ஒன்றுக்கு ஊரே சாட்சி. உங்கள் குளிர்பெட்டிக்குள் இருக்கும் கோழிக்கு யார் சாட்சி?

2022 ஜூன் 1ஆம் தேதி மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. மாதத்துக்கு முப்பத்தாறு லட்சம் கோழிகள். தன் கோழியில் மூன்றில் ஒரு பங்கை இங்கிருந்து வாங்கிய சிங்கப்பூரில் கோழிச்சோறு என்ன ஆகும் என்று செய்திகள் பறந்தன. இங்கே கிலோ 8 வெள்ளி 90 காசாக இருந்த உச்சவரம்பு விலை ஜூலையில் 9 வெள்ளி 40 காசானது. தீவனத்துக்கான சோளமும் சோயாவும் வெளிநாட்டிலிருந்து வருவதால், எங்கோ நடக்கும் போர் நம் குழம்புச் சட்டியைத் தொடும் என்பதை அப்போதுதான் பலர் தெரிந்துகொண்டார்கள். அந்த மாதங்களில் யாரும் என்னிடம் "பாவமா இல்ல?" என்று கேட்கவில்லை. "ரெண்டு கோழி கிடைக்குமாண்ணே?" என்று கேட்டார்கள். கூடவே, "நீங்களே அறுத்துக் குடுத்துடுங்க, எங்களால முடியாது." கேட்டவர்களுக்குக் கொடுத்தேன். ஆனால் விலை ஏறினால் பறந்துபோகும் கருணையை நான் கருணை என்று எப்படி ஒத்துக்கொள்வது?

நியாயமான ஒரு மறுப்பு உண்டு: சுத்தம். வீட்டில் அறுத்தால் நோய் வராதா? கவனமில்லாமல் செய்தால் வரும். சால்மொனெல்லா கத்தியிலும் பலகையிலும் ஒட்டிக்கொண்டு வரும். 2004இல் கிளந்தானில் கம்பத்துக் கோழிகளிடையே பறவைக் காய்ச்சல் வந்ததை மறக்க முடியாது. அதனால்தான் சுணங்கிய கோழியை அறுக்காதே, திடீரென்று பல கோழிகள் செத்தால் தொடாமல் கால்நடைத் துறைக்குச் சொல், கழிவை ஆழமாகப் புதை, கறிப்பலகையில் காய்கறி வெட்டாதே என்று வாய் வலிக்கச் சொல்கிறேன். இதெல்லாம் வேலையைச் சரியாகச் செய்யச் சொல்லும் காரணங்கள். வேலையையே இழிவு என்று சொல்லும் காரணங்கள் அல்ல. மழுங்கிய கத்தியோடும் சாராய போதையோடும் கோழியை வதைக்கிறவனை என்னைவிட யாரும் வெறுக்க முடியாது. வேலையை இழிவாக்கினால் கடைசியில் அது அவன் கையில்தான் போய்ச் சேரும். தெரிந்தவன் கூச்சத்தில் ஒதுங்குவான், தெரியாதவன் கத்தியை எடுப்பான், விலை கொடுப்பது கோழி.

எழுதுகிற நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. கதையில் கொடூரமான அப்பாவைக் காட்டவேண்டும் என்றால் உடனே அவர் கையில் கத்தியைக் கொடுத்துக் கோழியை அறுக்க வைக்கிறீர்கள். மென்மையான பிள்ளை அதைப் பார்த்து வாந்தி எடுக்கிறது. அதே அப்பா ராத்திரி அந்தக் கறியில் ஈரலை எடுத்து யார் தட்டில் வைத்தார் என்பதை ஏன் எழுதுவதில்லை? அந்தப் பிள்ளை அதைத் தின்றதா இல்லையா?

தின்பதை விடுகிறவர்கள் விடுங்கள், அது பெரிய காரியம். விடாதவர்கள் வாழ்நாளில் ஒரு தடவையாவது ஒரு கோழி சாவதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். பிள்ளைகளையும் நிற்க விடுங்கள். அதன்பிறகு தட்டில் மிச்சம் வைக்க மாட்டார்கள், அது எனக்குத் தெரியும். என்னைப் பார்த்துக் கேட்கத்தான் வேண்டும் என்றால் "பாவமா இல்ல?" என்று கேட்காதீர்கள். "கத்தியைத் தீட்டிட்டீங்களா?" என்று கேளுங்கள். கோழியின் பக்கம் நின்று கேட்கக்கூடிய கேள்வி அது ஒன்றுதான்.