கேட்க ஆளில்லாத மணிக்கூடு

பழைய பிரைட்லிங் எமேர்ஜென்சி ஒன்றை வாங்குகிறவர் உண்மையில் இரண்டு சாமான்களை வாங்குகிறார். ஒன்று மணிக்கூடு. மற்றது, அதே ரைற்றேனியம் கூட்டுக்குள், மணிக்கூட்டோடு எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லாமல் குடியிருக்கிற ஒரு குட்டி ரேடியோ ட்ரான்ஸ்மிற்றர். முதலாவதை நல்ல திருத்துனர் ஒருவர் மேசையில் வைத்துப் பழையபடி ஓட வைக்கலாம். இரண்டாவதையும் அப்படியே "சேர்விஸ் செய்தால் புதுசு மாதிரி" எண்டு சொல்லி விற்கிறவர்களோடும், அதை நம்பி வாங்குகிறவர்களோடும்தான் எனக்குச் சண்டை.

இந்த மணிக்கூட்டைக் கேள்விப்படாதவர்களுக்குச் சின்னதாக ஒரு அறிமுகம். சுவிஸ் கொம்பனியான பிரைட்லிங் 1995 இல் இதை விற்பனைக்கு விட்டது. வட்ட முகத்தில் முள்ளும் உண்டு, மேலும் கீழுமாக இரண்டு டிஜிற்றல் திரையும் உண்டு. விமானிகளுக்காகச் செய்தது. விமானம் விழுந்து, ஆள் உயிரோடு தப்பி, காட்டிலோ கடலிலோ கிடக்கும்போது தேடி வருகிறவர்களுக்கு "நான் இங்கே" எண்டு சொல்ல ஒரு வழி. 1999 இல் பேர்ட்ராண்ட் பிக்கார்ட்டும் பிரையன் ஜோன்ஸும் பலூனில் எங்கும் இறங்காமல் உலகைச் சுற்றியபோது அவர்களின் கைகளில் இருந்தது இதுதான். விளம்பரத்துக்கு இதைவிட வேறென்ன வேணும்?

டிஜிற்றல் பகுதியைப் பாவிப்பது லேசு. தலைத்திருகியைச் சுழற்றச் சுழற்றக் கீழ்த்திரையில் வேலைகள் மாறும்: திகதி, அலாரம், இரண்டாவது நேரவலயம், பின்னோக்கி எண்ணும் கணிப்பான், நூறில் ஒரு செக்கன் வரை பார்க்கிற குரோனோகிராஃப். ஆளைக் குழப்பாத ஒழுங்கு. இன்றைக்கு வருகிற ஸ்மார்ட் மணிக்கூடுகளில் ஒரு அலாரம் வைக்க எத்தனை தரம் விரலை இழுக்க வேண்டியிருக்கு எண்டு நினைத்தால் 1990களின் பொறியியலாளர்கள் மேல் மரியாதை வரும்.

இந்தப் பாதியின் சேர்விஸும் விளங்காத விஷயம் இல்லை. பற்றரி மாற்ற வேணும். பின்மூடியைத் திறக்கிற ஒவ்வொரு தரமும் றப்பர் வளையங்களைப் புதிசாகப் போட்டு, நீர் புகாமல் இருக்கிறதா எண்டு அழுத்தம் கொடுத்துப் பார்க்க வேணும். "பற்றரி மட்டும் மாத்தித் தாங்கோ" எண்டு அவசரப்படுத்தி அந்தச் சோதனையைத் தவிர்ப்பவர்களின் மணிக்கூட்டுக்குள்தான் முதல் மழையில் ஆவி படியும். பழைய திரவப்படிகத் திரை மங்கிப்போயிருந்தால் அதைச் சுரண்டி மினுக்க வழி இல்லை, திரையையே மாற்ற வேண்டும், உதிரிப்பாகம் கிடைத்தால்.

இனி மற்றப் பாதி. கூட்டின் ஓரத்தில், தலைத்திருகியைவிடப் பெரிதாக, ஒரு திருகுமூடி இருக்கும். அதைக் கழற்றி இழுத்தால் உள்ளே சுற்றி வைத்த அன்ரெனாக் கம்பி வெளியே வரும். கடைசிவரை இழுத்தவுடன் ட்ரான்ஸ்மிற்றர் தன்பாட்டில் வேலை தொடங்கும். சுவிச்சு இல்லை, திரையில் "உறுதியாகவா?" எண்டு கேட்பதும் இல்லை. குளிரில் விறைத்த விரலாலும் செய்யக்கூடிய ஒரேயொரு அசைவு. அந்த எளிமையை நான் உண்மையாகவே ரசிக்கிறேன். ஆனால் இழுத்த கம்பியை நீங்களே திரும்பச் சுற்றி உள்ளே தள்ள முடியாது, கொம்பனியின் சேர்விஸுக்குத்தான் போக வேணும். விற்கும்போதே கையெழுத்து வாங்கினார்கள்: தேவையில்லாமல் இழுத்துத் தேடுதல் ஒன்று கிளம்பினால் அந்தச் செலவு வாங்கியவரின் தலையில்.

கம்பி வழியாகப் போவது 121.5 மெகாஹேர்ட்ஸ். குடிசார் விமானங்களுக்கென உலகம் முழுக்க ஒதுக்கிய அவசர அலைவரிசை அது. அதன் சரி இரட்டிப்பு, 243, இராணுவ விமானங்களுக்கு. 121.5 இல் ஒரு அலையின் நீளம் ஏறத்தாழ 2.5 மீற்றர். ஒழுங்கான அன்ரெனாவுக்கு அதில் கால்வாசி, அதாவது 60 சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் மேலே வேணும். கைமணிக்கூட்டில் அவ்வளவு நீளக் கம்பியை நிமிர்த்திப் பிடிப்பதும் கஷ்டம், அதற்குள் அடங்குகிற பற்றரியில் இருந்து பெரிய சக்தி எடுப்பதும் கஷ்டம். 48 மணித்தியாலம் வரை அனுப்பும் எண்டது கொம்பனியின் கணக்கு. அது புதுப் பற்றரிக்கு.

இந்த இடத்தில்தான் பழைய மணிக்கூடு வாங்குகிறவர் ஏமாறுகிறார். மணிக்கூட்டுப் பற்றரி செத்தால் முள் நின்றுவிடும், உடனே தெரியும். ட்ரான்ஸ்மிற்றருக்குத் தனிப் பற்றரி. அது செத்ததைச் சொல்ல முள் இல்லை. ஆண்டுக்கணக்கில் சும்மா கிடந்த லித்தியம் பற்றரியை வோல்ற்மீற்றரில் பிடித்தால் வோல்ற்றளவு நல்லாத்தான் காட்டும், உண்மையான சுமை ஏறும்போதுதான் படுத்துவிடும். அப்படியெண்டால் ஒருக்கா இழுத்துப் பார்த்தால் என்ன? பார்க்கக் கூடாது. நீங்கள் "சோதனை" எண்டு நினைத்து அனுப்புவது, மேலே போகிற விமானிக்கு யாரோ சாகக் கிடக்கிற சத்தம். விமானங்களில் பொருத்தும் இதே வகைக் கருவிகளைச் சோதிப்பதற்கு அமெரிக்காவில் ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறார்கள்: ஒவ்வொரு மணித்தியாலத்தின் முதல் 5 நிமிடத்துக்குள் மட்டும், மூன்று தரம் சத்தம் ஏறி இறங்கும் அளவுக்கு மேல் போகாமல். இல்லையெண்டால் அலை வெளியே கசியாத உலோகப் பெட்டிக்குள் வைத்துத்தான் பார்க்க வேணும். சந்திக் கடையில் அந்தப் பெட்டி இருக்காது. ஆக, "ட்ரான்ஸ்மிற்றர் வேலை செய்யுது" எண்டு ஒரு விற்பனையாளர் சொன்னால் அதற்கு இரண்டு அர்த்தம்தான் இருக்க முடியும். ஒன்று, சேர்விஸ் பத்திரம் கையில் வைத்திருக்கிறார். இல்லாவிட்டால் வாய்க்கு வந்ததைச் சொல்கிறார்.

சரி, ஒருவர் காசைப் பாராமல் கொம்பனிக்கே அனுப்பி, பற்றரி மாற்றி, சோதித்து, பத்திரத்தோடு வாங்கிவிட்டார் எண்டு வைப்போம். பிரச்சினை தீர்ந்ததா?

எங்கட ஆட்களுக்குத் திருத்துவதில் ஒரு பெருமை உண்டு, நியாயமான பெருமை. 90களில் பொருளாதாரத் தடையால் வடக்குக்குள் பற்றரி வர விடாத காலத்தில் சைக்கிளை நிமிர்த்தி வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்ட தலைமுறை வீடுகளில் இன்னும் இருக்கிறது. அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, திருத்தினால் எந்தப் பழைய சாமானும் வேலை செய்யும் எண்ட நம்பிக்கை இரத்தத்தில் ஊறியிருக்கு. ஆனால் அந்த ரேடியோ பேசியதற்குக் காரணம் டைனமோ மட்டும் இல்லை. லண்டனில் இருந்து பிபிசி தமிழோசை ஒலிபரப்பிக்கொண்டிருந்தது. எத்தனை பேர் எத்தனை சைக்கிளை மிதித்தாலும், அங்கே நிலையத்தை மூடியிருந்தால் இங்கே இரைச்சல்தான். ட்ரான்ஸ்மிற்றருக்கு இதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள். அனுப்புவது நீங்கள், கேட்பதற்கு ஆள் வேணும்.

கேட்கிற ஆட்களின் கதை 1979 இல் தொடங்குகிறது. பனிப்போர் நடுவிலும் சோவியத் ஒன்றியம், அமெரிக்கா, கனடா, பிரான்ஸ் நாலும் சேர்ந்து, ஆபத்துச் சமிக்ஞைகளைச் செய்மதியால் கேட்கும் கொஸ்பாஸ்-சார்சாட் திட்டத்துக்குக் கையெழுத்திட்டன. 1982 இல் முதல் செய்மதி மேலே போனது, அதே ஆண்டில் முதல் உயிர்களும் காப்பாற்றப்பட்டன. அந்தச் செய்மதிகள் 121.5 ஐயும் கேட்டன. ஆனால் 121.5 இல் வருவது வெறும் சத்தம், மேலிருந்து கீழே வழுகுகிற சைரன் மாதிரி. யார் அனுப்புகிறார், எந்தப் படகு, எந்த விமானம் எண்டு எதுவும் அதில் இல்லை. இடக்கணிப்பிலும் 20 கிலோமீற்றர் அளவுக்குப் பிசகு. போதாததற்கு, செய்மதி அதை நினைவில் வைத்திருந்து பிறகு கீழே அனுப்பாது. அது உங்களைப் பார்க்கிற அதே நேரத்தில் தரை நிலையம் ஒன்றையும் பார்க்க வேணும். நடுக்கடலில் அதற்கு எங்கே போவது? இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தலையிடி பொய்ச் சமிக்ஞை. காசு எடுக்கும் இயந்திரம், பீட்சா அடுப்பு, விளையாட்டரங்கின் ஸ்கோர் பலகை எல்லாம் 121.5 இல் கத்தி மீட்புக்குழுவை அலைய விட்டிருக்கின்றன. ஐம்பது எச்சரிக்கையில் ஒன்றுதான் உண்மை எண்ட அளவுக்கு நிலைமை போனது. 2009 பெப்ரவரி 1 ஆம் திகதி செய்மதிகள் 121.5 ஐக் கேட்பதை நிறுத்தின.

இன்றைக்குச் செய்மதி கேட்பது 406 மெகாஹேர்ட்ஸ். ஏறத்தாழ 50 செக்கனுக்கு ஒருதரம், அரைச் செக்கன் நீளத்தில், 5 வாட் சக்தியில் ஒரு டிஜிற்றல் செய்தி. அதற்குள் கருவியின் இலக்கம் இருக்கும். உரிமையாளர் யார், வீட்டில் யாரைக் கூப்பிட வேணும் எண்டதெல்லாம் பதிவேட்டில் இருந்து எடுக்கலாம். பிரைட்லிங்கே 2013 இல் எமேர்ஜென்சி 2 எண்டு, 406 உம் 121.5 உம் சேர்ந்த மணிக்கூட்டை அறிமுகப்படுத்தியது. மீள்மின்னேற்றும் பற்றரி, 51 மில்லிமீற்றர் அகலம். கையில் கட்டினால் சின்னச் சுண்டல் கிண்ணம் கட்டின மாதிரி. பழையது போதுமாக இருந்தால் இவ்வளவு பெரிசாக ஒன்றைச் செய்ய அவர்களுக்கு என்ன தேவை?

சேகரிப்பவர்கள் ஒரு நல்ல பதில் வைத்திருக்கிறார்கள், அதைச் சொல்லாமல் போவது நியாயம் இல்லை. இந்த மணிக்கூடு செய்மதிக்காகச் செய்ததே இல்லை, பக்கத்தில் வந்த தேடுதல் விமானத்துக்குத் திசை காட்டத்தான் எண்டுவார்கள். உண்மை. தேடுதல் விமானங்கள் இன்றும் 121.5 இல் திசை பார்க்கின்றன, புதிய 406 கருவிகளும் கூடவே 121.5 இல் ஒரு மெல்லிய சமிக்ஞை விடுகின்றன. 2003 ஜனவரியில் ஸ்டீவ் புரூக்ஸ், குவென்டின் ஸ்மித் எண்ட இரண்டு பிரித்தானியர்களின் ஹெலிகொப்டர் அந்தாட்டிக்காவுக்கு அருகே கடலில் விழுந்தது. உயிர்காப்புத் தெப்பத்தில் கிடந்தவர்களைச் சிலி கடற்படைக் கப்பல் மீட்டது, அவர்களைக் கண்டுபிடிக்க எமேர்ஜென்சி மணிக்கூட்டின் சமிக்ஞை உதவியது. எல்லா விற்பனைப் பக்கத்திலும் இந்தக் கதை இருக்கும். அந்தப் பக்கங்கள் பெரிசாகச் சொல்லாதது: தேடுதல் தொடங்கியதே புரூக்ஸ் செய்மதித் தொலைபேசியில் மனைவிக்கு அழைப்பு எடுத்ததால். மணிக்கூடு கூப்பிட்டு யாரும் வரவில்லை. வந்தவர்களுக்குத்தான் அது வழி காட்டியது.

கடற்கரையில் வளர்ந்த வாசகர்களுக்கு இன்னொன்று. பக்கத்தில் போகிற மீன்பிடிப் படகுக்காவது கேட்காதா எண்டு நினைக்கலாம். கேட்காது. படகுகளின் விஎச்எஃப் ரேடியோ 156 மெகாஹேர்ட்ஸ் பக்கத்தில் வேலை செய்கிறது, அவசர அலைவரிசையான 16 ஆம் சனல் 156.8. பண்பேற்றும் முறையும் வேறு. அந்தப் பெட்டிக்கு 121.5 எண்டு ஒன்று இருப்பதே தெரியாது. தப்பித்தவறிச் சரியான ரேடியோ இருந்தாலும், நீர்மட்டத்தில் மிதக்கிறவருக்கும் 3 மீற்றர் உயர அன்ரெனாவுக்கும் இடையில் பூமியின் வளைவு 7 கிலோமீற்றரில் மறித்துவிடும். கடலுக்குப் போகிற அண்ணனுக்கோ மாமாவுக்கோ வெளிநாட்டில் இருந்து யாராவது ஏதாவது அனுப்பக் கேட்டால், பதிவு செய்த 406 கருவி ஒன்றை அனுப்பச் சொல்லுங்கள். அது அழகில்லை, மஞ்சள் பிளாஸ்ரிக். பழைய எமேர்ஜென்சியின் விலையோடு பார்த்தால் அதன் விலை ஒன்றுமே இல்லை.

அப்ப பழைய எமேர்ஜென்சியை வாங்கவே கூடாதா? வாங்கலாம். நல்ல டிஜிற்றல் மணிக்கூடு, வித்தியாசமான காலத்தின் வித்தியாசமான சாமான். மணிக்கூட்டுப் பாதிக்குக் காசு கொடுங்கள். ட்ரான்ஸ்மிற்றர் பாதிக்குச் சேர்விஸ் பத்திரம் இல்லையெண்டால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். ரேடியோ அலை விடும் கருவிக்கு இங்கே அனுமதி வேண்டும் எண்டதையும் மறக்க வேண்டாம். தெரிந்த பிள்ளைகளின் கையில் விளையாடக் கொடுக்கவும் வேண்டாம், அந்த மூடியைப் பார்த்தால் எந்தப் பிள்ளைக்கும் திருகத்தான் தோன்றும்.

அப்படித் தவறுதலாக இழுபட்டுவிட்டால், முதல் வேலையாக விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களுக்கு அழைப்பு எடுத்து, இது பொய்ச் சமிக்ஞை, இந்த இடத்தில் இருந்து வருகிறது எண்டு சொல்ல வேணும். வெட்கத்தில் லாச்சிக்குள் போட்டு மூடினால் அலை நிற்காது. வீட்டு லாச்சி மரம்.