படிக்கப் போன இடத்தில் ஆட்டமா?

கரோல்பாக்கிலும் ராமகிருஷ்ணபுரத்திலும் சில தமிழ்க் குடும்பங்களில் இப்போது ஒரு புதுக் கவலை. பிராவிடண்ட் பண்டில் எடுத்தும் பாங்கியில் கடன் வாங்கியும் பணம் திரட்டி, மகளை எடின்பரோவுக்கோ கிளாஸ்கோவுக்கோ மேல்படிப்புக்கு அனுப்புகிறார்கள். முதல் மாதமே போட்டோக்கள் வருகின்றன. கோட்டை வாசலில் ஒன்று, குன்றின் உச்சியில் ஒன்று. அடுத்தது, கட்டம் போட்ட ‘கில்ட்’ பாவாடை அணிந்த ஆண்கள் நிறைந்த கூடத்தில் கைகோத்து ஆடுவது. ‘படிக்கப் போனாளா, ஆடப் போனாளா?’ என்கிறார் தகப்பனார்.

கடன் பட்டவர் கேட்கும் கேள்வி அது. அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் அந்தப் போட்டோக்களுக்கு ஆன செலவையும் பார்க்க வேண்டும். எடின்பரோவின் நடுவிலுள்ள ஆர்தர்ஸ் சீட் குன்று, அவிந்துபோன எரிமலை. சுமார் 250 மீட்டர் உயரம். ஏறக் காசு கிடையாது. தேசிய அருங்காட்சியகத்துக்கும் நுழைவுக் கட்டணமில்லை. கோட்டைக்கு உண்டு, வாசலில் நின்று படம் எடுத்துக்கொள்ள இல்லை. முப்பது ஆண்டுகள் தில்லியில் உத்தியோகம் பார்த்தும், ஊரிலிருந்து விருந்தாளி வந்தாலொழியக் குதுப்மினார் பக்கம் போகாதவர்கள் இதற்குக் கோபிக்க வேண்டியதில்லை.

அந்த ஆட்டக் கூட்டத்துக்குக் ‘கேலி’ என்று பெயர். தமிழ்க் கேலிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பிடிலும் அக்கார்டியனும் முழங்க, ஒருவர் அடுத்த அடி என்னவென்று கூவிச் சொல்வார். வரிசையாகவும் வட்டமாகவும் நின்று, கை மாற்றிக் கை பிடித்துச் சுற்றுவார்கள். தெரியாதவரைப் பக்கத்திலிருப்பவர் இழுத்தும் தள்ளியுமே பழக்கிவிடுவார். அங்கே பள்ளிகளில் உடற்பயிற்சி வகுப்பிலேயே இதைச் சொல்லித் தருவது வழக்கம். 1940-ல் ஜெர்மானியரிடம் சிறைப்பட்ட ஸ்காட்லாந்துப் படைவீரர்கள், போர்க்கைதி முகாமுக்குள் ஒரு புது ஆட்டத்தையே அமைத்தார்கள். ‘51-ஆம் டிவிஷன் ரீல்’ என்ற அது இன்றும் ஆடப்படுகிறது.

டிசம்பரில் எடின்பரோ நான்கு மணிக்குள் இருட்டிவிடும். ஒற்றை அறை, ரொட்டி, பேச ஆளில்லாத மாலை. அப்படிப்பட்ட பெண்ணுக்கு ஒரே இரவில் இருபது பேர் கை கொடுக்கிறார்கள். படிப்பு கெடுவது ஆட்டத்தாலல்ல, பெரும்பாலும் தனிமையால்தான்.

1888-ல் லண்டனுக்குப் படிக்கப் போன காந்தியடிகளும் மூன்று பவுன் கட்டி நடனம் பயின்றார். தாளம் பிடிபடாமல் மூன்று வாரத்தில் விட்டுவிட்டார். அது ஆங்கிலக் கனவானாகத் தோன்றுவதற்கான ஆசை என்று பின்னாளில் அவரே எழுதினார். கேலியில் அந்தப் பகட்டு கிடையாது. ஜனவரி 29-ல் விஜய் சௌக்கில் நம் ராணுவத்தார் ஊதும் பேக்பைப்பும் ஸ்காட்லாந்து வழி வந்ததுதான். அதைக் குடும்பத்தோடு ரசிப்பவர்களுக்கு இது மட்டும் ஏன் கசக்க வேண்டும்?

கசக்க வேண்டியது வேறொன்று. தில்லித் தமிழர் விழாக்களில் மேடை ஒரு பக்கம், நாற்காலிகள் ஒரு பக்கம். ஆயிரக்கணக்கில் செலவழித்து அரங்கேற்றம் நடத்துகிறார்கள். பார்க்க வந்தவர் கைதட்டிவிட்டுச் சாப்பிடப் போகிறார். எல்லோரும் சேர்ந்து ஆட அங்கே இடமே இல்லை.

எடின்பரோவில் பிற நாட்டு மாணவர்களிடம், ‘உங்கள் ஊர் ஆட்டம் ஒன்றைக் காட்டுங்களேன்’ என்று கேட்காமலிருக்க மாட்டார்கள். அதற்குச் சலங்கையும் வேண்டாம், மேடையும் வேண்டாம், கும்மி போதும். அந்தப் பெண்ணின் தாயாருக்குத் திருநெல்வேலிப் பக்கத்துக் கும்மி நன்றாகத் தெரியும். தில்லிக்கு வந்த பிறகு அவர் அதை ஒருநாளும் அடித்ததில்லை. மகளுக்கும் சொல்லித் தரவில்லை.