ஐந்நூறு குதிரையும் மூன்று மில்லிமீட்டர் தண்ணீரும்

மழையில் ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டுவது ஆபத்து என்பது கார் வாங்க வக்கில்லாதவர்களின் வயிற்றெரிச்சலாம். சென்னையிலிருந்து வாரக் கடைசியில் திண்டிவனம், செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை வரை காரை விரட்டிவிட்டுத் திரும்பும் அன்பர் ஒருவர் இப்படி எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம், இதே பாட்டைப் பாடும் பலருக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதில். விலை உயர்ந்த காரில் பிரேக்கும் உயர்ந்தது, டயரும் அகலம், வழுக்கினால் தாங்கிப் பிடிக்கக் கம்ப்யூட்டர் இருக்கிறது, ஓட்டுகிறவனும் கைதேர்ந்தவன், அப்புறம் மழை என்ன செய்யும் என்று கேட்கிறார். போதாக்குறைக்குச் செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராஜனையும் துணைக்கு இழுத்திருக்கிறார். முரட்டுக் குதிரையை அடக்கியவன் ஆண்ட ஊரில் வேகத்துக்குப் பயப்படலாமா என்கிறார்.

அன்பர் அந்தக் கதையைப் பாதியிலேயே எழுந்து போய்விட்டார் போலிருக்கிறது. குதிரையை அடக்குவது முன்பாதி. 1714இல் ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் பெரும்படை மேல் சில நூறு குதிரை வீரர்களோடு பாய்ந்து, இளம் வயதிலேயே மாண்டது பின்பாதி. கணக்குப் பார்க்காத துணிச்சலுக்கு வக்காலத்து வாங்க வந்தவர் தேசிங்கைச் சாட்சிக்கு அழைத்தால் வழக்கு என்னாகும்?

டயருக்கு வருவோம். அவர் வாதம் அதன் மேல்தான் நிற்கிறது, அவருடைய காரைப் போலவே. அகலமான டயர் காய்ந்த ரோட்டில் நல்ல பிடி கொடுக்கும், மறுக்கவில்லை. ஆனால் ரோட்டில் தண்ணீர் நிற்கும்போது அதே அகலம்தான் எதிரி. டயர் முன்னேற வேண்டுமானால் எதிரே நிற்கும் தண்ணீரைப் பிதுக்கி வெளியே தள்ளியாக வேண்டும். அகலம் கூடக் கூடத் தள்ள வேண்டிய தண்ணீரும் கூடும், அது ஓரத்துக்குத் தப்பிப் போக வேண்டிய தூரமும் கூடும். தள்ளி முடிக்க நேரம் போதாத வேகத்தில் டயர் தண்ணீர் மேல் ஏறி மிதந்துவிடும். விமானங்கள் ஈர ஓடுதளத்தில் வழுக்கிய காரணத்தை ஆராய்ந்து நாசா 1960களில் இதற்கொரு கணக்கே போட்டுக் கொடுத்திருக்கிறது. அந்தக் கணக்குப்படி 32 பி.எஸ்.ஐ. காற்று உள்ள டயர், பட்டன் ஆழத்தைத் தாண்டித் தண்ணீர் நிற்கும் ரோட்டில் மணிக்குச் சுமார் 94 கிலோமீட்டரில் மிதக்கத் தொடங்கும். பட்டன் தேயத் தேய, அதை மூழ்கடிக்கக் கொஞ்சம் தண்ணீரே போதும். பந்தயத்துக்கென்று செய்து ரோட்டுக்கும் அனுமதி பெற்ற டயர்களிலோ பட்டன் பெயருக்குத்தான் இருக்கும். காருக்குக் கோடி கொடுத்தவர்கள் டயர் மாற்றும் செலவுக்கு மூக்கால் அழுவது வேறு கதை.

மிதக்கும் காரில் பிரேக்கின் விலை என்னவாக இருந்தால் என்ன? பிரேக் சக்கரத்தை நிறுத்தும். காரை நிறுத்துவது டயர். ஈரத்தில் பிடிமானம் பாதியானால் கார் நிற்க எடுக்கும் தூரம் இரட்டிப்பாகும். அவர் கொண்டாடும் கம்ப்யூட்டரும் இருக்கிற பிடிமானத்தை நான்கு சக்கரத்துக்கும் பங்கு போட்டுக் கொடுக்குமே தவிர, இல்லாததை உண்டாக்காது. நான்கு சக்கரத்துக்கும் விசை போகிற கார் என்று சிலர் மார்தட்டுவார்கள். அது கிளம்பும்போது உதவும், நிற்கும்போது உதவாது. பின்சக்கர விசைக் கார் என்றால் இன்னும் மோசம். ஐந்நூறு குதிரைத் திறனை வலது காலின் கீழ் வைத்துக்கொண்டு, ஈரமான வளைவில் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கூடுதலாக அழுத்தினால் போதும், பின்பக்கம் முன்பக்கத்தை முந்தப் பார்க்கும்.

‘கைதேர்ந்தவன்’ என்ற கடைசித் துருப்புச் சீட்டையும் பார்த்துவிடலாம். ஃபார்முலா ஒன் பந்தய வீரர் நிக்கி லவுடாவை விடவா அன்பர் கைதேர்ந்தவர்? 1976 ஆகஸ்டில் பந்தய விபத்தில் தீயில் வெந்து, ஆறே வாரத்தில் மறுபடி பந்தயக் காரில் ஏறிய மனிதர் அவர். அதே ஆண்டு அக்டோபரில் ஜப்பானின் ஃபுஜியில் உலகப் பட்டத்தைத் தீர்மானிக்கும் கடைசிப் பந்தயம், கொட்டும் மழை. இரண்டு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டுக் காரை நிறுத்தி இறங்கிவிட்டார். ஒரே ஒரு புள்ளியில் பட்டம் ஜேம்ஸ் ஹண்ட்டுக்குப் போனது. லவுடாவைக் கோழை என்று சொல்ல அன்பருக்கு நாக்கு வருமா? 2014இல் அதே நாட்டின் சுசுகா தடத்தில், ஈரத்தில் காரின் கட்டுப்பாட்டை இழந்து மீட்பு வண்டி மேல் மோதிய ஜூல்ஸ் பியான்கி, மறு ஆண்டு ஜூலையில் இறந்தார். ஃபார்முலா ஒன்னின் முழு மழை டயர் 300 கிலோமீட்டர் வேகத்தில் வினாடிக்கு 85 லிட்டர் தண்ணீரை வாரி எறியும் என்கிறது அதைச் செய்யும் பைரெல்லி நிறுவனம். அப்படியும் 2021இல் பெல்ஜியத்தின் ஸ்பாவில் பாதுகாப்புக் காரின் பின்னால் ஊர்வலம் போனதோடு பந்தயத்தை முடித்துக்கொண்டார்கள். நம் சென்னையில் 2023 டிசம்பரில் நடக்க வேண்டிய தெருப் பந்தயத்தை மிக்ஜாம் புயல் வெள்ளத்துக்குப் பிறகு அடுத்த ஆண்டு ஆகஸ்டுக்குத் தள்ளினார்கள்.

இதையெல்லாம் கூட மன்னித்துவிடலாம். மன்னிக்க முடியாத வரி ஒன்று இருக்கிறது. ஆபத்து தன் காரால் இல்லையாம், குறுக்கே வரும் டிராக்டர், மொபெட், ஆடு மாடுகளால்தானாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஐயா, இது செஞ்சி. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர் இந்த ரோட்டில் போகாமல் வேறெங்கே போகும்? அமாவாசை என்றால் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குக் கூட்டம், பௌர்ணமி என்றால் திருவண்ணாமலை கிரிவலத்துக்குக் கூட்டம். இரண்டுக்கும் நடுவில் உள்ள நாட்களில் நாங்கள் வாழ்கிறோம்.

கோட்டையருகே ராஜகிரி மலைக்கும் கிருஷ்ணகிரி மலைக்கும் நடுவே போகிற ரோட்டை ஒரு மழை நாளில் இறங்கி நின்று பார்த்திருக்கிறாரா அவர்? மலை முழுக்க மொட்டைப் பாறை. விழுந்த தண்ணீரைக் குடித்துக்கொள்ள மண் இல்லை, அப்படியே சரிந்து வரும். ஊரைத் தாண்டினால் வயல். சேற்றுழவு முடித்து வரப்பேறி வரும் டிராக்டரின் பின்சக்கரம், மீன்முள் வடிவில் சேற்றுக் கட்டிகளைத் தார் மேல் வரிசையாக அப்பிவிட்டுப் போகும். தூறல் விழுந்ததும் அவை கரைந்து, தாரின் நிறத்துக்கே மாறி வழவழவென்று கிடக்கும். மொபெட்காரர் காலை ஊன்றிக்கொண்டு கடந்துவிடுவார். நூறில் வருகிறவருக்கு அது கண்ணில் படவே படாது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலின்போது பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியது. இந்தப் பகுதியின் மழை அவர் காரின் விளம்பரப் படத்தில் வரும் மழை அல்ல.

ஈரத்தில் தன் கைத்திறனைப் பார்த்தே தீர வேண்டும் என்று கை அரித்தால், ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் 1990இலிருந்து பந்தயத் தடம் இருக்கிறது. சென்னையிலிருந்து செஞ்சிக்கு வரும் தூரத்தில் பாதிகூட இல்லை. முறைப்படி அனுமதி வாங்கிக்கொண்டு அங்கே போய் எத்தனை முறை வேண்டுமானாலும் சுழன்று வரட்டும். எதிரே நெல் மூட்டை வராது.