உசிர் பொழைச்சா போதாதா?

மார்பகப் புற்றுநோய்னு வந்துட்டா நம்ம வீடுகள்ல கேக்கவே கூடாத கேள்வி ஒண்ணு இருக்கு: "ஆபரேஷனுக்கு அப்புறம் பார்க்க எப்படி இருக்கும்?" கேட்டா, "உசிர் முக்கியமா, அழகு முக்கியமா?"ன்னு வாயை அடைச்சிடுவாங்க.

இந்தப் பட்டிமன்றத்துக்கு எப்பவோ தீர்ப்பு சொல்லியாச்சு மக்களே. இத்தாலியில, மிலான் நகரத்துல, உம்பெர்த்தோ வெரோனேசிங்கற சர்ஜன் 1973-லேர்ந்து சின்னக் கட்டி (2 செ.மீ.க்குள்ள) இருந்த 701 பெண்களை ரெண்டு குழுவாப் பிரிச்சார். ஒரு குழுவுக்கு மார்பை முழுசா எடுத்தாங்க. இன்னொண்ணுக்கு கட்டி இருந்த கால்பாகத்தை மட்டும் எடுத்துட்டு கதிர்வீச்சு. 20 வருஷம் கவனிச்சு 2002-ல வெளியிட்ட முடிவுல, உயிரோட இருந்தவங்க கணக்குல வித்தியாசமே இல்லை. அதே மார்புல திரும்ப வந்தது மட்டும் ரெண்டாவது குழுவுல அதிகம்.

அதுக்காக, மார்பை வெச்சுகிட்டாலே அழகா இருக்கும்னும் இல்லை. சின்ன மார்புல பெரிய கட்டின்னா எடுத்த இடம் குழி விழும். கதிர்வீச்சுல சுருங்கி இறுகலாம். மீதிச் சதையை நகர்த்தி வடிவம் குடுக்கற ஆன்கோபிளாஸ்டிக் முறை அதுக்குத்தான் வந்துச்சு. முழுசா எடுத்தா உள்ள சிலிக்கான் வைக்கலாம். ஆனா கதிர்வீச்சு பட்டா அதைச் சுத்தித் தழும்பு இறுகிக் கெட்டியாகற வாய்ப்பு கூடும். வயித்துச் சதையை எடுத்து வெச்சா இயல்பா இருக்கும், இளைச்சாலும் பெருத்தாலும் கூடவே மாறும். பதிலுக்கு வயித்துலயும் ஒரு பெரிய தழும்பு, பல மணிநேர ஆபரேஷன். தொடுவுணர்வு பெரும்பாலும் பழையபடி திரும்பாது. ஒண்ணும் வேணாம், தட்டையாத் தைச்சிடுங்கன்னு சொல்றதும் நல்ல முடிவுதான். அதையும் ஓரத்துல தோல் தொங்காமத் தைக்கணும்.

எங்க சித்திகிட்ட இதுல ஒண்ணைக்கூட யாரும் சொல்லலை. ஒரு தனியார் ஆஸ்பத்திரி. கையெழுத்து போட்டதுகூட சித்தப்பாதான். அப்புறம் பிராவுக்குள்ள பஞ்சு வெச்சுப் பார்த்தாங்க. வெயிட் இல்லாததால அது மேல ஏறிக்கும். கல்யாண வீட்டுக்குப் போனா முந்தானைக்கு மூணு ஊக்கு. எடையோட சிலிக்கான் பேடு கடையிலயே கிடைக்குதுன்னு தெரியவே நாலு வருஷம் ஆச்சு. "அம்பது வயசுல எதுக்கு?"ங்கறார் சித்தப்பா. (அவர் தலைக்கு டை அடிக்கறது தனிக்கதை :-))

எங்க ஆபீஸ்ல ஒரு பட்டன் கலரை மாத்தணும்னாலே மாதிரி வரைஞ்சு காட்டி, மூணு மீட்டிங் போட்டு, ஒப்புதல் மெயில் வாங்கறோம். ஒருத்தங்க உடம்பையே மாத்தறதுக்கு முன்னாடி நாலு ஃபோட்டோ காட்டி, இப்படியும் வரலாம், சரியா வராமயும் போகலாம்னு அவங்ககிட்டயே சொல்ல எவ்ளோ நேரமாகும்?

டிஸ்கி: நான் பொட்டி தட்டறவன்தான். டாக்டர் பதிவர்கள் யாராச்சும் இதைப் பத்திப் படத்தோட விரிவா எழுதினா புண்ணியமாப் போகும்.