முழங்காலைக் கேட்டு வாங்குங்கள்



நிந்தவூர்ப் பக்கமிருந்து ஓர் ஆசிரியை கடந்த மாதம் கடிதம் எழுதியிருந்தார். வயது 47. பாடசாலை 12 கிலோமீற்றர் தூரத்தில். பதினொரு வருடமாக ஸ்கூட்டரில்தான் போய் வருகிறார். இப்போது இரண்டு முழங்கால்களிலும் நோவு. படி இறங்குவது கஷ்டம். தொழுகைக்குக் கதிரை போட்டாயிற்று. "இனி வண்டி ஓட்டினது போதும்" என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்களாம். மூத்த மகன் மட்டும், "உம்மாவுக்குத் தோதான வண்டி ஒன்று பார்த்து எடுப்பம்" என்கிறானாம். "எதை எடுக்கச் சொல்லட்டும்? இல்லை, விட்டுவிடட்டுமா?" என்று கேட்டிருக்கிறார்.

இது வெறும் வண்டிக் கதையல்ல. அந்தச் சகோதரி திறப்பைக் கொண்டுபோய் ஆணியில் கொழுவிவிட்டால், மறுநாளிலிருந்து ஓட்டோவுக்குக் கொடுக்கும் கூலியே சம்பளத்தில் ஒரு பங்கை விழுங்கிவிடும். தாயைப் பார்க்கப் போக வேண்டுமா, மருந்து வாங்க வேண்டுமா, யாராவது ஒருவர் வீட்டுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். ஆகவே "விட்டுவிடுங்கள்" என்று சொல்வதற்கு முன்னால், எல்லாவற்றையும் ஒருமுறை சரியாகப் பார்த்துவிட வேண்டும்.

எங்கள் ராத்தாவுக்கும் இதே வருத்தம். அவவுக்கு வண்டி எடுத்தபோது நாங்கள் ஒரு பிழை விட்டோம். "முழங்கால் ஏலாதவருக்குப் பதிந்த வண்டிதான் நல்லது" என்று எல்லோரும் சொன்னார்கள். நாங்களும் தேடித் தேடி, சீட் மிகவும் பதிந்த சின்ன ஸ்கூட்டர் ஒன்றை எடுத்தோம். இரண்டு கிழமை போகவில்லை, நோவு முன்னரை விடக் கூடிவிட்டது. ராத்தா நல்ல உயரம். அந்த வண்டியில் அவ இருந்த இருப்பைப் பக்கத்தில் நின்று பார்த்த பிறகுதான் விளங்கியது. சிறு பலகையில் குந்தியிருப்பவர் போல, முழங்கால் இரண்டும் இடுப்புக்கு மேலே நின்றன. கடைசியில் அதை நட்டத்துக்கு விற்றுவிட்டு வேறு வண்டி பார்த்தோம்.

காரணம் இதுதான். முழங்கால் சிரட்டைக்குப் பின்னால் குருத்தெலும்பு இருக்கிறது. பாரத்தைத் தாங்கிக்கொண்டு முழங்கால் எவ்வளவுக்கு மடிகிறதோ, அவ்வளவுக்குச் சிரட்டை அதை அழுத்தும். குந்தி எழும்பும்போதும் படி இறங்கும்போதும் நோவது இதனால்தான். மடித்த காலை நீட்டாமல் வெகுநேரம் ஒரே நிலையில் வைத்திருந்தாலும் நோவு வரும். பஸ்ஸின் நெருக்கமான சீட்டில் நெடுந்தூரம் போனவர்களுக்கு இது தெரியும். அதே விஷயம்தான் வண்டியிலும் நடக்கிறது.

ஆகவே வண்டி பார்க்கும்போது இரண்டு அளவுகளைப் பாருங்கள். ஒன்று, சீட்டிலிருந்து நிலத்துக்குள்ள உயரம். மற்றது, சீட்டிலிருந்து கால் வைக்கும் இடத்துக்குள்ள தூரம். கடைக்காரர் முதலாவதை மட்டும்தான் சொல்வார். முழங்காலுக்கு முக்கியம் இரண்டாவது. சீட் பதிந்திருந்தால் நிற்கும்போது கால் நிலத்தில் நன்றாக ஊன்றும், அது நல்லது. ஆனால் சீட் பதியப் பதிய, ஓடும்போது கால் மடிவதும் கூடும். கட்டையானவர்களுக்குப் பொருந்தும் வண்டி உயரமானவர்களுக்கு வதையாவது இப்படித்தான். அடுத்த வீட்டுக்காரர் சொன்னார் என்று வாங்காமல், உங்கள் காலைக் கேட்டு வாங்குங்கள்.

கேட்பது எப்படி? நீங்கள் அன்றாடம் உடுத்தும் அபாயாவோடும், போடும் செருப்போடும் வண்டியில் ஏறி இருங்கள். பக்கத்தில் நின்று யாராவது தொலைபேசியில் ஒரு படம் எடுக்கட்டும். தொடையும் கீழ்க்காலும் சேரும் இடம் தச்சனின் மூலைமட்டம் போல இருக்க வேண்டும், அல்லது அதைவிட விரிந்திருக்க வேண்டும். அதைவிட ஒடுங்கி மடிந்திருந்தால் அந்த வண்டி உங்களுக்கு வேண்டாம். முழங்கால் முன் தகட்டில் முட்டினாலும் வேண்டாம். பிறகு இரண்டு பாதங்களையும் நிலத்தில் வையுங்கள். நுனிவிரல் மட்டும் பட்டால் போதாது. முன்பாதம் முழுவதும் ஊன்ற வேண்டும், குதிக்காலும் பட்டால் இன்னும் நல்லது. ஒரே உயரமுள்ள இரண்டு வண்டிகளில் சீட் அகலமாக உள்ளதில் கால் விரிந்து நிற்பதால் நிலம் எட்டாமல் போகலாம். ஆகவே கடதாசியிலுள்ள இலக்கத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

எங்கள் ஊர்களில் அதிகம் ஓடுகின்ற இரண்டு வண்டிகளைப் பாருங்கள். ஸ்கூட்டி பெப் பிளஸின் சீட் உயரம் 768 மில்லிமீற்றர், ஹொண்டா டியோவினது 765. இரண்டுக்கும் மூன்று மில்லிமீற்றர்தான் வித்தியாசம். ஆனால் பாரத்தைப் பாருங்கள். பெப் பிளஸ் 93 கிலோ அளவு, டியோ அதைவிடப் பத்துக் கிலோ அளவில் கூட. பல்சர் 150 போன்ற மோட்டார் சைக்கிள் 140 கிலோவுக்கு மேல். ஓடும்போது பாரம் தெரியாது. நிற்கும்போது வண்டி ஒரு பக்கம் சரிந்தால் அதைத் தாங்குவது உங்கள் முழங்கால்தான். இலகுவான வண்டி என்பது முழங்காலுக்குச் செய்யும் ஒரு தர்மம்.

அனுமதிப்பத்திரத்தையும் பாருங்கள். 100 சி.சி. வரைக்கும் ஏ1 வகுப்புப் போதும், அதற்கு மேலென்றால் ஏ வகுப்பு வேண்டும். பெப் பிளஸ் 100க்கு உட்பட்டது, டியோ 110 அளவானது.

கியருள்ள மோட்டார் சைக்கிளா, ஸ்கூட்டரா என்று கேட்டால், முழங்கால் நோவுள்ள பெண்ணுக்கு ஸ்கூட்டர்தான் என்பேன். மோட்டார் சைக்கிளில் ஏறும்போது இடது காலில் முழுப் பாரத்தையும் வைத்து, வலது காலைத் தூக்கிப் போட வேண்டும். இடது கால் கியருக்கு, வலது கால் பின் பிரேக்குக்கு என்று இரண்டுக்கும் ஓயாத வேலை. ஸ்கூட்டரில் நடுவால் கால் வைத்து ஏறலாம், இரண்டு பிரேக்குகளும் கையில். தட்டையான தளத்தில் பாதத்தை முன்னும் பின்னும் நகர்த்தலாம். அந்தச் சிறு அசைவே பெரிய ஆறுதல். காலைத் தூக்காமல் ஏறும் யோசனை புதிதுமல்ல. ஜப்பானில் 1958இல் வந்த ஹொண்டா சூப்பர் கப் அப்படித்தான் செய்யப்பட்டது. 2017இல் அதன் உற்பத்தி பத்துக் கோடியைத் தாண்டியது.

இனி, பலர் கவனிக்காத சில சின்ன விஷயங்கள்.

ஸ்டார்ட் பண்ணுவது: செல்ஃப் ஸ்டார்ட் இருப்பது கட்டாயம். பழைய வண்டி எடுத்தால் பற்றரியை முதலில் பாருங்கள். பற்றரி செத்தால் கிக்கர் உதைக்க வேண்டி வரும். நோவுள்ள காலுக்கு அது கொடுமை.

ஸ்டாண்ட்: நடு ஸ்டாண்டில் ஏற்ற, காலால் ஊன்றி மிதித்துப் பின்னுக்கு இழுக்க வேண்டும். பக்க ஸ்டாண்ட் உறுதியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

சில்லு: 10 அங்குலச் சில்லு குழிக்குள் விழும்போது அடி நேரே உடம்புக்கு வரும். கிறவல் வீதியில் போகிறவர்கள் முன் சில்லு 12 அங்குலமுள்ளதைப் பார்ப்பது நல்லது.

மேடு பள்ளம்: கிழக்கின் சமதரைக்கு ஒரு கணக்கு, அக்குறணை, மாவனல்லை போன்ற ஊர்களுக்கு வேறு கணக்கு. ஏற்றத்தில் நின்று புறப்படும்போது காலில் பாரம் கூடும். அங்கே பாரம் குறைந்த வண்டியும் நல்ல பிரேக்கும் இரட்டிப்பு அவசியம்.

ஓட்டாமல் பின்னால் இருந்து போகின்ற சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் பின்னால் இருப்பவரின் கால் வைக்கும் கம்பி மேலே இருக்கும். அதனால் ஓட்டுபவரை விட உங்கள் முழங்கால்தான் கூட மடியும். கணவர் புதிதாக வண்டி பார்க்கப் போனால் நீங்களும் கூடப்போய்ப் பின்னால் இருந்து பாருங்கள். ஒரு பக்கமாக இருந்து போனால் இடுப்பும் முழங்காலும் முறுகும். எப்படி இருந்தாலும் அபாயாவின் ஓரத்தை ஒதுக்கி, பின் சில்லுக்கு மறைப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஏறுங்கள். துணி சில்லில் சிக்கினால் முழங்காலோடு போகாது.

உள்ள வண்டியை விற்க வசதியில்லையா? சீட் தைப்பவரிடம் சொல்லி, ஒரு அங்குலம் ஃபோம் கூட வைத்தால் கால் சற்று விரியும். ஆனால் பாதம் நிலத்தில் ஊன்றுகிறதா என்று மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள். கம்பிகளை வெட்டி ஒட்டும் வேலை வேண்டாம். ஓட்டத்தில் ஒட்டு விட்டால் உயிருக்கு ஆபத்து. வழியில் ஐந்து நிமிடம் இறங்கி நின்று காலை நீட்டி மடக்குவதற்கு ஒரு சதமும் செலவில்லை.

வைத்தியரைக் காணாமல் வண்டி பார்க்கப் போகவும் வேண்டாம். முழங்கால் வீங்கிச் சூடாக இருந்தாலோ, திடீரென்று பூட்டிக்கொண்டாலோ, நடக்கும்போது கால் வலுவிழந்து மடிந்தாலோ, முதலில் ஓட்டுவதை நிறுத்துங்கள். சந்தியில் நிற்கும் நேரம் கால் மடிந்தால் வண்டியோடு விழுவீர்கள். தொடையின் முன் தசை பலமானால் முழங்காலின் வேலை குறையும். அதற்குரிய பயிற்சியை ஆஸ்பத்திரியின் இயன்மருத்துவப் பிரிவில் காட்டித் தருவார்கள். சத்திர சிகிச்சை செய்தவர்கள், எப்போது ஓட்டலாம் என்பதைச் செய்த வைத்தியரிடமே கேட்க வேண்டும்.

கடிதம் எழுதிய சகோதரிக்கு என் பதில் இதுதான். விட்டுவிட வேண்டாம், அவசரப்படவும் வேண்டாம். முதலில் வைத்தியரிடம் போங்கள். அவர் ஓட்டலாம் என்றால் மகனோடு நீங்களே போய்ப் பாருங்கள். அவன் பார்த்து வரட்டும் என்று வீட்டில் இருக்காதீர்கள். 2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியாருக்குத் திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடமும் கிடைத்ததை எடுத்தோம். இப்போது தெரிவு செய்ய இடமிருக்கிறது. மனதுக்குப் பிடித்த வண்டியை, அதே மாதிரி வண்டி வைத்திருக்கும் தெரிந்தவரிடம் அரைநாள் இரவல் கேளுங்கள். பாடசாலைப் பையோடு, அதே 12 கிலோமீற்றரை ஓடிப் பாருங்கள். அன்றைக்கு அல்ல, மறுநாள் காலையில் கட்டிலை விட்டு எழும்பும்போது முழங்கால் என்ன சொல்கிறது என்று கேளுங்கள். அதுதான் சரியான தீர்ப்பு.

எங்கள் ராத்தா இப்போது ஓட்டுகின்ற வண்டி பார்வைக்கு ஒன்றுமில்லை. நிறம்கூட அவவுக்குப் பிடித்ததல்ல. "நிறத்தை நான் இருந்துகொண்டு பார்க்கப் போறதில்லையே" என்று சிரிப்பா. வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் உம்மாவைப் பார்க்க அவ தனியாக வந்து இறங்கும் சத்தம் கேட்கும். முன்னரைப் போல, "யாராவது வந்து கையைப் பிடியுங்கோ" என்று வாசலில் நின்று கூப்பிடுவதில்லை.

உங்கள் வீட்டிலும் முழங்கால் நோவோடு ஓட்டுகிறவர்கள் இருந்தால், எந்த வண்டி ஒத்துக்கொண்டது, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதி அனுப்புங்கள். இன்னொரு சகோதரிக்கு அது உதவும்.

அடுத்த இதழில் சந்திப்போம், இன்ஷா அல்லாஹ்.